வதனிக்காக நான் சொன்ன பதில்கள்

அந்தக் கதிரையில் இருக்காதேங்கோ பிள்ளை, அதற்கு ஒரு கால் ஆட்டம். நேற்று ஒரு பெரியவர் விழப் பார்த்தார். இதில் வந்து இருங்கோ, என் பக்கத்தில். பையை மடியில் வைக்காதேங்கோ, கால் விறைக்கும். கீழே வையுங்கோ.

உங்கள் கணவருக்குச் சிறுநீரகத்தில் கல். உங்கள் பெயர் கற்பகம். ஊர் லால்குடிப் பக்கம். நர்ஸ் சொன்னா. நான் துருவிக் கேட்கவில்லை, சும்மா கேட்டேன், அவ சொன்னா. டீக்காரர் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வெறும் வயிற்றில் டீ கூடாது. சாப்பிட்டீர்களோ? சாப்பிட்டிருக்கமாட்டீர்கள், முகத்தில் தெரிகிறது.

என் தங்கச்சி அந்த அறையில் இருக்கிறாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. டாக்டர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகிறது. நான் இங்கே இருக்கிறேன். ஏன் என்று கேட்கிறீர்கள். டாக்டர் என்னைப் போகச் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். "அக்கா, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ" என்றாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. இந்த அறுபத்திரண்டு வருடத்தில் என்னை அவள் வெளியே இருக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

என்ன செய்வது, இருக்கிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணம். இப்போது கனடா, ஸ்காபரோ. நான் யோகமலர். அவள் சந்திரவதனி, வதனி என்போம். எங்கள் தம்பி திருச்சியில்தான் முப்பது வருடமாக இருக்கிறான். போன வெள்ளிக்கிழமை அவனுடைய மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து முதற் பந்தியில் இருக்கிறோம். வதனி பாயாசத்தை வாயில் வைத்தாள், அப்படியே என் தோளில் சாய்ந்தாள். நான் நித்திரை என்று நினைத்தேன். "பந்தியில இருந்து நித்திரை கொள்ளாதையடி" என்று இடித்தேன். பிறகுதான் பார்த்தால் கண் செருகிக் கிடக்கிறது.

நெஞ்சு துடிக்கிறதில் கோளாறாம். நடுநடுவே நின்று நின்று துடிக்கிறதாம். பேஸ்மேக்கர் என்று ஒரு சின்னக் கருவி வைக்கவேணும். இங்கேயே இந்தக் கிழமை வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். நான் சொல்கிறேன், வேண்டாம், கனடாவுக்குக் கொண்டுபோய் வைப்போம் என்று. அங்கே எல்லாம் அரசாங்கம் பார்க்கும். ஒரு நர்ஸைக் கூடக் கூட்டிக்கொண்டு பறந்தால் போகலாம்தானே? பதினெட்டு மணித்தியாலம் பறப்பதற்கு அவளுடைய நெஞ்சு தாங்கும் என்று கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன் என்கிறார் டாக்டர். உள்ளே இப்போது அதைத்தான் கதைக்கிறார்கள். இங்கேயா, அங்கேயா. நான் இல்லாமல் கதைக்கிறார்கள்.

காப்புறுதி, நீங்கள் சொல்கிற இன்சூரன்ஸ், அது மட்டும் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது. பயணக் காப்புறுதி என்று ஒன்று, உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியுமோ? மகன் துபாயிலோ, சரி. எங்களுக்குக் கனடாவில் வைத்தியம் இலவசம். ஆனால் அந்த அட்டையைக் கொண்டு வெளிநாட்டுக்கு வந்தால் அது வெறும் மட்டை மாதிரி, ஒன்றுக்கும் உதவாது. அதனால் வெளிக்கிட முதல் காப்புறுதி எடுப்போம். வந்த இடத்தில் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு அவர்கள் பார்ப்பார்கள். தேவை என்றால் நர்ஸ் ஒருவரை அனுப்பி, விமானத்தில் படுக்கை போட்டு வீட்டுக்கே கொண்டுபோய் விடுவார்கள். அறுபது வயது தாண்டினால் மட்டும் அதற்கு முதல் கேள்வி கேட்பார்கள். தொலைபேசியில். நெஞ்சு வருத்தம், அதாவது நெஞ்சில் நோய், இருக்கா, சர்க்கரை இருக்கா, ஆறு மாதத்துக்குள் குளிசை மாத்திரை மாற்றினார்களா. இருபத்திரண்டு கேள்வி. ஆமாம் அல்லது இல்லை.

அந்தக் கேள்விகளுக்கு வதனிக்காக நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

வதனிக்காக என்றால், வதனியாக. நான்தான் வதனி என்று சொன்னேன்.

அப்படிப் பார்க்காதேங்கோ. எங்கள் ஆட்களில் இது செய்யாத வீடு இல்லை. நாங்கள் எண்பத்தெட்டில் கனடாவுக்குப் போன நேரம் இங்கிலீஷ் ஒருவருக்கும் வராது. நான் ஊரில் தட்டெழுத்துப் படித்திருந்தேன், கொஞ்சம் வாய் இருந்தது. தொலைபேசி அடித்தால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அங்கே சட்டம் என்னவென்றால், சம்பந்தப்பட்ட ஆளோடுதான் கதைப்பார்கள். அந்த ஆளுக்கு இங்கிலீஷ் வராது. என்ன செய்வது? நான்தான் அந்த ஆள். வரி அலுவலகத்துக்கு நான் என் சின்னம்மா. வங்கிக்கு நான் என் மாமியார். ஒருமுறை அந்த வங்கிக்காரி, "உங்களுக்கு எழுபத்தொன்பது வயது என்று போட்டிருக்கிறது, குரல் இளமையாக இருக்கிறதே" என்றாள். "முருங்கையிலை சாப்பிடுகிறேன்" என்றேன். மாமியார் பக்கத்தில் இருந்து தலையாட்டுகிறா, ஒன்றும் விளங்காமல். என் மனிசருக்காகவும் கதைத்திருக்கிறேன். குரலைத் தடிப்பாக்கி, எனக்குத் தடிமன் என்று சொல்லி. தடிமன் என்றால் உங்கள் பக்கத்தில் சளி பிடிக்கிறது.

பதினொரு பேருடைய பிறந்த தேதி எனக்கு மனப்பாடம், பிள்ளை. பதினொரு பேருடைய தாயின் பெயர், விலாசம், அட்டை இலக்கம். நீங்கள் உங்கள் பிறந்த தேதியைச் சொல்லுங்கோ, செத்தாலும் மறக்கமாட்டேன். சொல்லவேண்டாம். சும்மா ஒரு கதைக்குச் சொன்னேன்.

வதனி தொண்ணூற்றாறில் வந்தாள். வந்த நாள் தொட்டு அவளுக்கும் நான்தான். அவளுடைய மனிசர் கருணைநாதன், நல்ல மனிசன், வாயில்லாத மனிசன், அவர் செத்த நேரம் எல்லா இடத்துக்கும் நான்தான் தொலைபேசி எடுத்தேன். நான்தான் கருணைநாதனின் விதவை என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் எனக்கே அழுகை வந்துவிட்டது. வதனி பக்கத்தில் அழாமல் இருந்து தண்ணீர் எடுத்துத் தந்தாள். அவள் அப்படித்தான். பேசாமல் இருப்பாள். பாண் தொழிற்சாலையில், பாண் என்றால் உங்கள் பக்கத்தில் பிரெட், இருபத்தொரு வருடம் பெட்டி அடைத்தாள். அங்கே வாய்க்கு என்ன வேலை?

காப்புறுதிக்கு எடுத்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டு நின்றோம். பயற்றம் பணியாரம். கை முழுக்க மா. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, நான் வதனியாகி, ஒவ்வொரு கேள்விக்கும் நோ, நோ, நோ என்று சொன்னேன். அந்தப் பெண்ணும் ரயில் மாதிரி ஓடுகிறாள். யோசிக்க எங்கே நேரம்? அதோடு, நான் கேட்கிறேன், நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுகிற நேரம் வாயால் வருத்தம் சொல்லலாமோ? நெஞ்சு வருத்தம் இருக்கா என்றால் யார் ஆமாம் என்பார்கள்? நான் நல்ல மனதோடுதான் இல்லை என்று சொன்னேன். இருக்கக்கூடாது என்றுதான் சொன்னேன்.

ஆனால் அவளுக்கு ஒக்டோபரில் தலைசுற்று வந்திருக்கிறது. இரண்டு தரம். குடும்ப டாக்டர் ஒரு மெசின் பூட்டச் சொல்லியிருக்கிறார். நெஞ்சில் ஒட்டி ஒரு நாள் முழுக்க வைத்துத் துடிப்பைப் பதிகிற மெசின். ஜனவரிக்குத் தேதி கொடுத்தார்களாம். அதற்கு அவளே தொலைபேசி எடுத்துக் கேட்டாளாம். தனியாக. டாக்டரிடமும் தனியாகப் போனாளாம், பஸ்ஸில், குளிருக்குள்ளே. எனக்கு எப்படித் தெரியும்? நான்தானே அவளுக்கு எல்லா இடத்துக்கும் எடுக்கிறது. நான் எடுக்காத இடத்தை நான் எப்படி அறிவேன்?

சொன்னாளாம். காரில் வரும்போது சொன்னாளாம். அந்த நேரம் நான் வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தேனாம்.

இருக்கலாம். கார் ஓடும்போது நான் கதைப்பேன். இல்லாவிட்டால் நித்திரை வரும்.

சரி. இங்கே விழுந்த அன்றே காப்புறுதிக்காரருக்கு எடுத்தேன். அவர்கள் அவளுடைய டாக்டரிடம் கடதாசி கேட்டார்கள். டாக்டர் தலைசுற்றையும் மெசினையும் எழுதி அனுப்பிவிட்டார். அதன் பிறகு அவர்கள் குரலே மாறிவிட்டது. உங்களோடு இல்லை, நோயாளியோடுதான் கதைக்கவேணும் என்றார்கள். நேற்றுப் பின்னேரம் ஏழரைக்கு எடுப்பார்கள் என்று சொன்னார்கள். அங்கே காலை ஒன்பது.

நான் பகல் முழுக்க வதனிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். ஒரே ஒரு பாடம். "உன்ர குரலோ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லு. கேள்வி விளங்கேல்லை எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாதை." இங்கிலீஷில் எழுதியும் கொடுத்தேன், பெரிய எழுத்தில். அவள் வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

"விளங்கினதோ?" என்று கேட்டேன்.

"விளங்கினது அக்கா."

"எங்க, ஒருக்காச் சொல்லிக் காட்டு."

"உங்களுக்குக் களைப்பில்லையோ, அக்கா?" என்று கேட்டாள். எனக்குக் களைப்பு. யார் என்னைக் கேட்டார்கள் அதுவரை? ஆறு நாளாக இந்தக் கதிரையில் இருந்து கழுத்து திரும்புதில்லை. ஆனால் அதுக்கா அப்போது நேரம்?

ஏழரைக்குச் சரியாக எடுத்தார்கள். நான் ஒலிபெருக்கியில் போட்டேன். மார்கரெட் என்று ஒருத்தி. மரியாதையான பெண், குறை சொல்லக்கூடாது. வதனிதானா என்று உறுதிப்படுத்த முதலில் இரண்டு கேள்வி. பிறந்த தேதியை வதனி சொன்னாள். பிறகு, விண்ணப்பத்தில் நீங்கள் கொடுத்த இரகசியக் கேள்வி, உங்களுக்குப் பிடித்த நிறம் என்ன என்று கேட்டாள்.

வதனி, "மஞ்சள்" என்றாள்.

எனக்குத் தலையில் இடி. நான் நீலம் என்றல்லவோ கொடுத்திருந்தேன்! கையைக் காட்டுகிறேன், நீலத் துவாயைத் தூக்கிக் காட்டுகிறேன், அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மார்கரெட், அது பொருந்தவில்லையே என்கிறாள். வதனி ஆறுதலாக, "எனக்குப் பிடிச்சது மஞ்சள்" என்று திருப்பிச் சொல்கிறாள். இங்கிலீஷில்தான், பிள்ளை. தொழிற்சாலை இங்கிலீஷ். இலக்கணம் கிடையாது. ஆனால் அந்தப் பெண் ஒரு சொல்லைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

மஞ்சள் பிடிக்கும் என்று இந்த அக்காவுக்கு ஒரு நாள் சொன்னதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி நான் நீலச் சேலை வாங்கிக் கொடுக்கிறேன், வாங்கி உடுக்கிறாள். முப்பது வருடம்.

பிறகு மார்கரெட் சொன்னாள், உங்கள் விண்ணப்ப உரையாடலைப் பதிந்து வைத்திருக்கிறோம், ஒரு பகுதியைப் போடுகிறேன், கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்று. போட்டாள்.

என் குரல்தான். நல்ல தெளிவாக. "நோ." "நோ." எண்ணெய் பொரிகிற சத்தமும் கேட்கிறது. இன்னும் முடிவு வராத சோதனை, அல்லது செய்யச் சொல்லி இன்னும் செய்யாத சோதனை ஏதாவது இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்கிறாள். அப்போது பின்னால், தூரத்தில், இன்னொரு குரல். தமிழில்.

"அக்கா, அந்த மெசின் பூட்டச் சொன்னதைச் சொல்லுங்கோவன்."

அதற்கு நான், "கொஞ்சம் பொறடி, கதைக்கிறன் எல்லே" என்கிறேன். அதே மூச்சில், இங்கிலீஷில், "நோ" என்கிறேன்.

அவர்களிடம் தமிழ் தெரிந்த ஒரு பெண் வேலை செய்கிறாளாம். அவள் அதை எழுத்தெழுத்தாக மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறாள். எங்கள் பிள்ளை ஒன்றுதான் எங்களுக்கே இதைச் செய்திருக்கிறது, பாருங்கோ.

எனக்கு அது ஞாபகமே இல்லை, பிள்ளை. சத்தியமாக இல்லை. அன்றைக்குப் பணியாரம் எத்தனை சுட்டது என்று கேளுங்கோ, நூற்று நாற்பது. பதினொரு பேருடைய பிறந்த தேதி கேளுங்கோ. அவள் அப்படிச் சொன்னது ஞாபகம் இல்லை. வானொலி ஏதோ பாடினது மாதிரிக்கூட ஞாபகம் இல்லை. பொறடி என்று நான் சொன்னது, அது சும்மா, அது நான் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிற சொல்.

மார்கரெட் கேட்டாள், "திருமதி கருணைநாதன், இந்தப் பதிவில் பதில் சொல்வது நீங்கள்தானா?"

நான் வதனியின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தலையணைக்குக் கீழே என் கடதாசி. ஓம் என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொன்னால், பிறகு நான் ஏதாவது கதைத்துச் சமாளித்திருப்பேன்.

அவள் தொலைபேசியைக் கிட்ட இழுத்துச் சொன்னாள், "இல்லை. பின்னால கேக்கிறதுதான் நான்."

அவ்வளவுதான். மார்கரெட் பதிவை நிறுத்தினாள். பிறகு, வருந்துகிறேன் என்றாள். காப்புறுதி செல்லாது, கட்டின காசைத் திருப்பி அனுப்புவார்கள். சோதனையைச் சொல்லியிருந்தால் முடிவு வரும்வரை பயணம் போகவேண்டாம் என்று தாங்களே சொல்லியிருப்போம் என்றாள். வதனி, "எனக்கும் அப்பிடித்தான் நினைப்பு" என்றாள். உங்களுக்கு வேறு ஏதாவது கேட்க இருக்கிறதா என்று மார்கரெட் கேட்க, "ஒண்டும் இல்லை, என்னட்டைக் கேட்டதுக்கு நன்றி" என்றாள். நன்றியாம்! காப்புறுதியை வெட்டினவளுக்கு நன்றி.

நான் என்ன பேசாமல் இருப்பேனா? "ஒரு சொல், ஒரு சொல்லடி!" என்று கத்தினேன். "உன்னை ஒரு நர்ஸோட, படுக்கை போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருப்பாங்கள். எனக்காகச் சொல்லேலாதோ?"

"உங்களுக்காக எத்தினை சொல்லேல்லை அக்கா" என்றாள்.

என்ன அர்த்தம் அதற்கு? நீங்களே சொல்லுங்கோ. அவளுக்காக நான் சொன்னதுதான் கணக்கில்லை. எனக்காக அவள் என்ன சொல்லாமல் விட்டாள்? இரவு முழுக்க இதில் இருந்து யோசித்தேன், பிடிபடவில்லை. மனம் குழம்பிக் கதைக்கிறாள். இரத்தம் சரியாக மேலே போகாவிட்டால் அப்படி வருமாம்.

ஆனால் கோபம் இல்லை அவளிடம். அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏசி, அழுது, முடிந்திருக்கும். அவள் தொலைபேசியைக் கேட்டு வாங்கினாள். தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு கயானாக்காரிக்கு எடுத்தாள். அரை மணித்தியாலம் கதைத்தாள். சிரித்தாள். ஏதோ ஒரு கதை சொல்லி, கையை ஆட்டி, அந்தப் பக்கம் சிரிக்க இந்தப் பக்கமும் சிரித்தாள். நான் கட்டிலடியில் நிற்கிறேன், யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி. வதனி கதை சொல்லுவாள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இன்று காலை அவள் நர்ஸிடம், டாக்டரோடு தனியாகக் கதைக்கவேணும் என்றாள். தன்னிடம் சேமிப்பு இருக்கிறதாம். இங்கேயே வைக்கலாமா, வைத்தால் எத்தனை நாள், என்ன ஆபத்து, தானே கேட்கவேணுமாம். நான் சொன்னேன், நான் கேட்கிறேன், எனக்குத்தான் கேட்கத் தெரியும் என்று. அப்போதுதான் சொன்னாள், வெளியில் இருங்கோ என்று.

அவளுக்குப் பெனிசிலின் ஒத்துவராது. அதைச் சொல்லுவாளோ? அறுபத்தெட்டாம் ஆண்டு, சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, அம்மாவுக்குப் பயந்து காய்ச்சலை மூன்று நாள் மறைத்த பெண். வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள். டாக்டர் நம்பிவிடுவார். நான் இருந்தால் ஓம் வலிக்குது என்று சொல்லியிருப்பேன். அவள் கண் சுருங்கினால் அது வலி. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு தரம் எழும்பிக் கதவடிக்குப் போனேன். கைப்பிடியைப் பிடித்தேன். திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்ததால்தான் என்று வையுங்கோ.

உங்கள் அவரை எப்போது வீட்டுக்கு விடுகிறார்கள்? நாளைக்குத்தான் விடுவார்கள், நான் சொல்கிறேன் கேளுங்கோ, கல் என்றால்…

பொறுங்கோ.

கேட்கிறதோ உங்களுக்கு? கதவுக்குள்ளே. டாக்டருடைய குரல் இல்லை இது. அவள்தான் கதைக்கிறாள். ஏதோ நீளமாகச் சொல்கிறாள். நிறுத்தாமல் சொல்கிறாள். என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை.

கொஞ்சம் பேசாமல் இருங்கோ, பிள்ளை. நீங்கள் ஒன்றும் பேசவில்லைதான், தெரியும். நான்தான். கொஞ்சம் பொறுங்கோ. கேட்டுப் பார்க்கிறேன்.